ஏவலாள் யந்திரமும் ஏறிவரும் செலவும்

வீட்டைப் பெருக்கித் துடைக்க ஒரு யந்திரம் இருந்தால் நல்லதென எண்ணாத இல்லத்தரசி அரிது. வட்டத் தட்டைப் போன்ற உருவில் தரையெங்கும் ஓடித் தூசி உறிஞ்சும் ‘ரூம்பா’ என்னும் ரோபோ, 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று அதன் இனத்தைச் சேர்ந்தவை கொழும்புக் கடைகளிலும் கிடைக்கின்றன. கடைக்காரர் சொல்லும் விலை ஒன்று; அந்த ஏவலாளை வைத்துக் காப்பாற்றும் செலவு வேறொன்று.

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் பாதையில், இறப்பரும் தேயிலையும் சூழ்ந்த தெஹியோவிட்டையில், ஓர் ஆசிரியர் குடும்பம் அத்தகைய யந்திரம் ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் மாறவேண்டியது யந்திரமன்று, வீடு. அறைக்கு அறை உயர்ந்த வாசற்படி இருந்தால் அது தாண்டாது. மழைநாளில் முற்றத்துச் செம்மண் சேறு உள்ளே வந்தால் அதன் தூரிகையில் அப்பிக்கொள்ளும். பாயும், செருப்பும், மின்கம்பியும் தரையில் கிடக்கலாகாது. ரோபோ பெருக்குவதற்காக வீட்டார் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் வேலையை எந்த விளம்பரமும் கணக்கிடுவதில்லை.

மின்சாரச் செலவு அற்பம் என்பார்கள். தனியே பார்த்தால் உண்மைதான். ஆனால் இலங்கையில் மாதம் 60 அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு ஒரு கட்டண விகிதம். அதைக் கடந்த வீட்டுக்கு வேறு விகிதம். 57 அலகு பாவிக்கும் வீட்டில், எந்நேரமும் மின்னோடு இணைந்திருக்கும் யந்திரம் ஐந்து அலகைக் கூட்டுமானால், உயர்ந்த விகிதம் அந்த ஐந்துக்கு மட்டுமன்றி முதல் அலகிலிருந்தே விதிக்கப்படும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்ததை அனுபவித்தவர்களுக்கு இந்த எல்லைக்கோட்டின் அருமை நன்கு தெரியும்.

இடிமின்னல் மற்றொரு செலவு. சப்ரகமுவாவில் ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் இடி முழங்கத் தொடங்கினால், வீட்டார் தொலைக்காட்சியின் இணைப்பைப் பிடுங்கிவிடுவது வழக்கம். தானே மின்னேற்றிக்கொள்ளும் ரோபோவை, வீட்டில் ஆளில்லாத வேளையில் யார் பிடுங்குவது? அது பழுதுபட்டால் உதிரிப்பாகம் பெரும்பாலும் கடல்கடந்து வரவேண்டும். மின்கலமும் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோவது. அதன் விலையோ டொலரோடு ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்திற்குள் 360 ரூபாயை எட்டியது.

இவையெல்லாம் காசுக்கணக்கு. ரோபோ உடலால் வீட்டில் இருந்தாலும், அதன் மூளையின் ஒரு பகுதி பல வேளைகளில் நிறுவனத்தின் தொலைதூரக் கணினியில் இருக்கிறது. அக்கணினி நின்றால் யந்திரமும் ஊமையாகும். அமெரிக்காவில் விற்கப்பட்ட ‘ஜீபோ’ என்னும் பேசும் ரோபோ, தன் கணினிகள் நிறுத்தப்படவிருப்பதை 2019இல் தானே சொல்லி விடைபெற்றது. குழந்தைகளுக்குத் தோழனாகச் செய்யப்பட்ட ‘மொக்ஸி’யின் விலை 799 டொலர்; அதன் நிறுவனமும் 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. பழுதின்றி இருந்த பொம்மை ஏன் பேசாமற்போகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுந்தது.

படக்கண் பூண்ட யந்திரங்களில் இன்னொரு விலையும் மறைந்துள்ளது. பரிசோதனைக்காகச் சில வீடுகளில் ஓடிய ரூம்பா எடுத்த படங்கள், அவற்றில் நாற்காலி எது, சுவர் எதுவென அடையாளமிடும் கூலித் தொழிலாளர்களுக்கு அனுப்பப்பட்டன. குளியலறையில் இருந்த பெண்ணொருவரின் படமும் அவற்றில் அடக்கம். வெனிசுவேலாவிலிருந்த தொழிலாளர்கள் சிலர் அப்படங்களை இணையத்தில் பகிர்ந்தமை 2022இல் வெளியாயிற்று. 2025 ஒக்டோபரில் அறிமுகமான ‘நியோ’ என்னும் மனித உருவ ரோபோவின் விலை 20,000 டொலர். தனக்குத் தெரியாத வேலை வந்தால், தொலைவில் இருக்கும் மனிதர் அதன் கண்வழியே வீட்டைப் பார்த்து அதன் கையை இயக்குவார். யந்திரத்தை வாங்கியவர் முகந்தெரியாத வேலையாளையும் சேர்த்தே வீட்டுக்குள் விடுகிறார்.

‘ரோபோ’ என்ற சொல்லே, செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழி உலகுக்கு வந்தது. அம்மொழியில் ‘ரோபோத்தா’ என்றால் கட்டாய உழைப்பு. பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பிப் பழகிய தோட்டப்புறத்தார்க்கு, ஒரு வீட்டின் பளபளப்புக்குப் பின்னால் யாரோ ஒருவரின் கை இருக்கும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வாங்க நினைப்போர் கடையில் கேட்கவேண்டியவை சில: இணையம் இல்லாமல் இது ஓடுமா? மின்கலத்தின் விலை என்ன, அது இலங்கையில் கிடைக்குமா? படக்கண் உண்டா, அதன் படங்கள் எங்கே போகின்றன? படக்கண்ணும் இணையமும் வேண்டாத எளிய வகைகளும் சந்தையில் உள்ளன. அவை சுவரில் முட்டி முட்டித் திரும்பினாலும் பொத்தானை அழுத்தினால் பெருக்கிவிடும். வாசற்படியும் மூலைமுடுக்கும் அப்போதும் தும்புத்தடிக்கே மிச்சம்.