லாரியின் பெடல் ஏன் அமுங்குகிறது?

கோடை வந்துவிட்டால் அடையாறில் தண்ணீர் லாரிகளின் ஓட்டம் அதிகமாகிவிடும். எல்.பி. ரோடு, இந்திரா நகர், சாஸ்திரி நகர் என்று தெருத்தெருவாக லாரிகள் வரும். 2019-ம் ஆண்டு ஏரிகள் வறண்டபோது சென்னை மக்கள் பலர் இந்த லாரிகளை நம்பித்தான் நாட்களை ஓட்டினார்கள்.

ஒரு லாரியில் 9 ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. அப்படியானால் தண்ணீர் மட்டுமே 9 டன்! சிறிய கார்கள் பத்தின் எடை அது. லாரியின் சொந்த எடை வேறு.

இவ்வளவு எடையையும் அடையாறு சிக்னலில் நிறுத்துவது எது? டிரைவரின் வலது கால். திரு.வி.க. பாலத்தை நோக்கித் திருப்புவது எது? அவருடைய இரண்டு கைகள்.

ஒரு மனிதனின் காலுக்கும் கைக்கும் இத்தனை பலமா? இல்லை. அந்தப் பலத்தைக் கொடுப்பவை ஆயிலும் காற்றும்தான். அவை குறைந்தால் என்ன நடக்கும்? குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லாரி ஓட்டுகிறவர்கள் மட்டும் அல்ல, லாரி ஓடும் தெருவில் குடியிருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பீச்சாங்குழல் பாடம்

குழந்தைகள் விளையாடும் பீச்சாங்குழலைப் பார்த்திருப்பீர்கள். அதில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். அசையாது. அதையே காலியாக வைத்து அழுத்துங்கள். பாதி தூரம் உள்ளே போய்விடும். உள்ளே இருக்கும் காற்று நசுங்குகிறது!

ஆயில் பிரேக்கின் ரகசியம் இதுதான். பெடலை மிதித்தால் 'மாஸ்டர் சிலிண்டர்' என்ற குழாயில் உள்ள ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் பைப்புகளின் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. அங்கே லைனிங்கை டிரம்மோடு சேர்த்துப் பிடிக்கிறது. சக்கரம் நிற்கிறது.

திரவம் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தும் என்று 17-ம் நூற்றாண்டில் கண்டு சொன்னவர் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல். அவர் சொன்ன அந்த விதிதான் இன்று நம் தெருவில் வண்டிகளை நிறுத்துகிறது.

சிறிய லாரிகளிலும், பள்ளிக்கூட வேன்கள் பலவற்றிலும் இருப்பது இந்த ஆயில் பிரேக். பெரிய லாரிகளிலும் பஸ்களிலும் இருப்பது காற்று பிரேக்.

நான்கு வகை பெடல்

"பெடல் கொஞ்சம் அமுங்குது" என்று டிரைவர்கள் சொல்வது உண்டு. எப்படி அமுங்குகிறது என்று கவனித்தால், நோய் எது என்று பெடலே சொல்லிவிடும்.

பஞ்சு போல அமுங்குகிறதா? பைப்புக்குள் காற்று புகுந்திருக்கிறது. ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். சக்கரத்தருகே உள்ள திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய ரப்பர் ஓஸ் மிதிக்கும்போதெல்லாம் பலூனைப் போல உப்பினாலும் இப்படித்தான் இருக்கும்.

இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் மேலே வருகிறதா? லைனிங் தேய்ந்து, டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி அதிகமாகி இருக்கலாம். லைனிங்கைப் பார்த்து, இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? இதுதான் மிகவும் ஆபத்து. ஆயில் எங்கோ வெளியே ஒழுகுகிறது. டப்பாவில் அளவு குறையாமலேயே பெடல் இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

மலை இறங்கும்போது மட்டும் அமுங்கி, ஆறியதும் சரியாகிவிடுகிறதா? பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது! ஆயிலில் ஆவிக்குமிழிகள் உண்டாகி, அவை காற்றைப் போல நசுங்குகின்றன.

ஆயில் கொதிக்குமா என்று கேட்பீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. 'டாட் 3' என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டாலோ, 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. ஈரத்தால் அவ்வளவு பலம் குறைகிறது! அடையாறு போன்ற கடற்கரைப் பகுதியில் காற்றில் ஈரம் அதிகம். உப்பும் உண்டு, அது இரும்புப் பைப்பை அரிக்கும். ஆகவே இங்கே ஓடும் வண்டிக்கு ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றுவது மிக அவசியம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

"நிற்கிறதே!" என்று நினைக்காதீர்கள்

இக்கால வண்டிகளில் பிரேக் பைப்புகளை இரண்டு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று வேலை செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதிலேயே ஓர் ஏமாற்றமும் இருக்கிறது.

ஒரு பிரிவு கெட்டதும் பெடல் திடீரென்று ஆழமாக இறங்கும். ஆனாலும் வண்டி எப்படியோ நின்றுவிடும். "பெடல் இறங்கினால் என்ன, வண்டி நிற்கிறதே!" என்று டிரைவர் மறுநாளும் எடுத்துப் போவார். அவரிடம் அப்போது இருப்பது பாதி பிரேக்தான். அந்த மற்றப் பாதியும் போகும் நாள் எது என்று யாருக்குத் தெரியும்?

கைக்குப் பலம் கொடுத்தவர்

இனி ஸ்டியரிங்குக்கு வருவோம். அந்தக் காலத்து லாரியைத் திருப்ப டிரைவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு மல்யுத்தமே செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் 'பியர்ஸ் ஆரோ' என்ற கம்பெனியில் லாரிப் பிரிவில் என்ஜினீயராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். கனமான லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டைக் கண்ணால் கண்டவர். 1926-ம் ஆண்டு ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கை ஒரு வண்டியில் பொருத்திக் காட்டினார். அது காரில் விற்பனைக்கு வந்தது 1951-ல்தான். லாரிக்காரர்களின் கஷ்டத்தில் பிறந்த வசதியைக் கார்க்காரர்களும் அனுபவிக்கிறார்கள்!

என்ஜின் ஓடும்போது ஒரு பம்பு ஆயிலை அழுத்தி ஸ்டியரிங் பாக்சுக்கு அனுப்புகிறது. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 100 பவுண்டு. பவர் ஸ்டியரிங் பைப்பிலோ, அழுத்தம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகும்! இவ்வளவு அழுத்தத்தில் ஒரு சீல் சிறிது தேய்ந்தாலும் ஆயில் கசியும்.

அட்டை வைத்துப் பாருங்கள்

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று பாருங்கள்.

கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் என்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டியரிங் ஆயிலாக இருக்கலாம். பல வண்டிகளில் அதற்குச் சிவப்பு ஆயில்தான் ஊற்றுகிறார்கள். வெளிர் மஞ்சளாக, தண்ணீர் போல இளகி, சக்கரத்தின் உட்புறத்தில் இருந்தால் பிரேக் ஆயில். அது பெயிண்டின் மீது பட்டால் பெயிண்டையே உரித்துவிடும்.

பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகும் இடங்கள் முக்கியமாக மூன்று: பம்பின் சீல், ஓஸ் இணைப்புகள், ஸ்டியரிங் பாக்சின் அடிப்பக்கத்துச் சீல். வண்டியைத் திருப்பும்போது 'ஊ' என்று ஊளையிடும் சத்தம் வந்தாலோ, டப்பாவில் ஆயில் நுரைத்திருந்தாலோ ஆயில் குறைந்துவிட்டது, அல்லது காற்று உள்ளே போகிறது என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது கசிவைத் தேடி ஓஸின் மேல் கையால் தடவாதீர்கள். ஊசி முனை போன்ற ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் என்ஜினை நிறுத்துங்கள், பிறகு தொடுங்கள்.

மாற்றி ஊற்றினால்?

"அண்ணே, ஆயில் குறைஞ்சிருக்கு" என்பான் கிளீனர். "ஊத்துடா, போகலாம்" என்பார் டிரைவர். கையில் கிடைத்த டப்பாவிலிருந்து ஊற்றிவிடுவார்கள்.

இங்கேதான் வருகிறது வினை. பிரேக் ஆயில் வேறு, பவர் ஸ்டியரிங் ஆயில் வேறு. ஸ்டியரிங் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். பிறகு ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்ற வேண்டும். படிக்கத் தெரிந்திருப்பதன் பயன் இதிலும் இருக்கிறது!

சரியான ஆயிலையே ஊற்றினாலும் கதை முடியவில்லை. பானையில் ஓட்டை இருக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் பானை நிறையுமா? ஆயில் ஏன் குறைந்தது என்று தேடுவதுதான் முதல் வேலை.

காற்று பிரேக்குக்கு வேறு வைத்தியம்

பெரிய லாரியில் பெடலை மட்டும் நம்பிப் பயனில்லை. காற்று மீட்டரைப் பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். மீட்டர் முள் வேகமாக இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. 'புஸ்' என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் சுற்றி வந்து கேட்டால் இடம் தெரிந்துவிடும். காற்று டாங்கியில் சேரும் தண்ணீரையும் தவறாமல் வடித்துவிட வேண்டும்.

தொப்பூர் சொல்லும் புத்தி

அடையாறில் மலை இல்லை. ஆனால் சென்னையில் ஓடும் லாரி நாளைக்கு எந்த ஊருக்கும் போகலாம். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாய், விபத்துகளுக்குப் பெயர் போன இறக்கம். டீசலை மிச்சப்படுத்த கியரை நியூட்ரலில் போட்டு இறங்கும் பழக்கம் அங்கே பல விபத்துகளுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

நியூட்ரலில் இறங்கினால் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். லைனிங் காய்ந்து, பிடிப்பை இழக்கும். என்ஜினையே நிறுத்திவிட்டால் இன்னும் மோசம். பவர் ஸ்டியரிங் பம்பு நின்றுவிடும். ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்குப் புதுக் காற்றும் ஏறாது. சில ரூபாய் டீசலுக்காகக் காலின் பலத்தையும் கையின் பலத்தையும் ஒரே நேரத்தில் இழப்பது புத்திசாலித்தனமா?

ஓடும்போது ஆயில் பிரேக் பெடல் இறங்கிவிட்டால் பதறக்கூடாது. பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கைப்பிரேக்கை மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். என்ஜினை மட்டும் நிறுத்தக்கூடாது.

நம் ஊர்ச் சரக்கு

இந்தியாவின் லாரிகளுக்குக் காலும் கையும் செய்து கொடுத்த ஊர்களில் நம் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. எண்ணூரில் லாரிகளைச் செய்தது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்ற இரண்டு கம்பெனிகளும் 1962-ல் பிறந்தன. ஒன்று ஆயில் பிரேக்குக்கும் மற்றொன்று காற்று பிரேக்குக்கும் பெயர் பெற்றது. அடையாறுக்குப் பக்கத்து வேளச்சேரியில் ராணே (மெட்ராஸ்) கம்பெனி பல ஆண்டுகள் ஸ்டியரிங் பாகங்களைச் செய்தது.

நல்ல பிரேக் செய்யத் தெரிந்த ஊருக்கு, அதைப் பாதுகாக்கவும் தெரிந்திருக்க வேண்டாமா?

லாரிகள் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. சோதனைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஆனால் சீல் கிழிவது எப்.சி. தேதியைப் பார்த்து அல்ல. தினமும் காலையில் ஐந்து நிமிடம் போதும்: ஆயில் அளவைப் பாருங்கள், அடியில் கறையைப் பாருங்கள், பெடலை மிதித்துப் பிடித்து முப்பது எண்ணுங்கள். இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவரா? "பெடல் லேசா அமுங்குது, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். குழந்தை போகும் பள்ளி வேனின் அடியில் தினமும் ஒரே இடத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தால் டிரைவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரு ரப்பர் வாஷரின் விலை சொற்பம். உயிருக்கு விலை ஏது?