இருமல் அவருக்கு, பரிசோதனை வீட்டாருக்கும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். பக்கத்தில் யாராவது இருமினால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். காற்றோட்டமான திறந்தவெளியில் காசநோய் பரவும் வாய்ப்பு குறைவு. ஜன்னல் சாத்திய அறையில் நோயாளியோடு மாதக்கணக்கில் படுத்துறங்கும் வீட்டாருக்குத்தான் ஆபத்து அதிகம்.

அவர்களிலும் கிருமி புகுந்த எல்லாரும் படுத்துவிடுவதில்லை. வாழ்நாளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் நோயாக முற்றுகிறது. மற்றவர்களைக் காப்பவை சில புரதங்கள். கிருமியை விழுங்கிய வெள்ளணு, இன்டர்லூக்கின்-12 என்ற புரதத்தைச் சுரந்து டி அணுக்களை உசுப்பும். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, விழுங்கிய கிருமியைக் கொல்லும் வலுவை வெள்ளணுவுக்குத் தரும். டிஎன்எஃப் என்ற புரதமோ, மிச்சக் கிருமிகளைச் சூழ்ந்த அணுக்கூட்டம் கலையாமல் காக்கும்.

இன்டர்ஃபெரான் காமாவை உணரும் ஏற்பியே பிறவியில் பழுதான குழந்தைகளை 1996இல் கண்டறிந்தார்கள். காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி ஊசியிலுள்ள வலுக்குன்றிய கிருமிகூட இவர்களைத் தாக்கும். மிக அரிய குறைதான். ஆனாலும் பெரும்பாலும் தாய், தந்தை இருவழியிலும் பழுதான மரபணு வந்தால்தான் இது வெளிப்படும் என்பதால், அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. ஊசி போட்ட பக்கத்து அக்குளில் சிறிதாக நெறி கட்டுவது சகஜம். அது பல இடங்களுக்குப் பரவி, காய்ச்சல் விடாமல், எடையும் குறைந்தால் நோயெதிர்ப்புப் பரிசோதனை கேளுங்கள். உறவுத் திருமணம் என்பதை மறைக்காதீர்கள். இப்படி ஒரு குழந்தையை இழந்த குடும்பம், அடுத்த குழந்தைக்கு பிசிஜி போடுமுன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலோருக்கு எதிர்ப்பு குறைவது பிறவியால் அல்ல. அரைவயிறு, கட்டுப்படாத சர்க்கரை, எச்ஐவி, குடி, பீடி. முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் புரதத்தை முடக்கும் ஊசி போடச் சொன்னால், முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். "சின்ன வயசுலயே பிசிஜி போட்டாச்சு" என்பதில் பெரியவர்களுக்கு நிம்மதி இல்லை: அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த மாபெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. சோறு தடுக்கிறது. ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

சளிப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய், சிகிச்சை முடியும்வரை நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். நோய் இல்லை என்று உறுதியான வீட்டாருக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தனியார் மருத்துவரும் நோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். கிரிவலப் பாதையோரம் படுத்திருக்கும் சாதுவுக்கும் இந்தச் சிகிச்சை உரிமை உண்டு; அவருக்காகப் பேசத்தான் ஆள் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.