திருவையாற்றுக்குப் போவோமா, தோழிகளே?

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வந்து பாருங்கள். விடியற்காலையில் பனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு போகிறவர்கள் இரண்டுக்கும் தயாராகத்தான் போக வேண்டும். பந்தலுக்குள் இடம் பிடித்துவிட்டால் பிழைத்தோம். இல்லாவிட்டால் வெளியே மண் தரையில் தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நடக்கிற கூட்டமும் வந்து நிற்கிற வண்டிகளும் கிளப்புகிற புழுதி தலைமுடி வரைக்கும் ஏறிவிடும்.

"இவ்வளவு கஷ்டப்பட்டுப் போகணுமா? அதான் டி.வி.யிலேயே நேரடியாகக் காட்டறாங்களே!" என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். என் மாமியாருக்கு வயது 68, முழங்கால் வலி வேறு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து வருஷா வருஷம் ரேடியோவில் பஞ்சரத்தினம் கேட்டவர். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் ஒருமுறை கூடப் போனதில்லை. மாமனார் இருந்தவரை சமையல், பிறகு பேரப்பிள்ளைகள். "இந்த வருஷம் போகலேன்னா இனிமே எப்பம்மா போறது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். என் கணவர், "அம்மாவால முடியாது, பொம்பளைங்க மட்டும் எப்படிப் போவீங்க?" என்றார். நான் விடவில்லை. முதல் நாள் இரவே புளிச்சோறு கட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேருமாகக் கிளம்பிவிட்டோம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். டிக்கெட், கட்டணம் எதுவும் கிடையாது. தியாகராஜ சுவாமிகள் 1847-ல் சித்தியான புஷ்ய பகுள பஞ்சமி அன்றுதான் முக்கியமான நாள். திருமஞ்சன வீதியில் அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுக் காவிரிக்கரைச் சமாதிக்கு வரும். காலை ஒன்பது மணி வாக்கில் பஞ்சரத்தினம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள். பெரிய வித்வான்களும் பாட்டு கற்றுக்கொள்ளும் சின்னப் பிள்ளைகளும் எதிரெதிரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடுகிறார்கள். மேடை ஏறி ஒருவர் பாட நாம் கேட்கிற கச்சேரி இல்லை இது. என் மாமியாரும் கூடவே பாடினார். அவருக்கு அத்தனையும் மனப்பாடம் என்பது இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாடுகிற வரிசையில் பெண்கள் நிறைந்திருப்பதைப் பார்க்கிறோமே, ஒரு காலத்தில் இங்கே பெண்கள் பாட முடியாது. அதை மாற்றியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் பிறந்த தேவதாசி மரபுப் பெண்மணி. கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதி இடத்தில், தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கோயில் கட்டினார். 1926-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அப்படியும் ஆண்கள் நடத்திய ஆராதனையில் அவருக்குப் பாட இடம் இல்லை. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. அடுத்த வருஷமே பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார்! 1940-ஐ ஒட்டி எல்லாக் கட்சியும் ஒன்றான பிறகு பெண்களும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். 1952-ல் காலமான அவருக்கும் அங்கேயே சமாதி இருக்கிறது. சுவாமிகளைப் பார்த்துக் கைகூப்பியபடி சிலையாக உட்கார்ந்திருக்கிறார். போகிறவர்கள் அங்கேயும் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு பெண் மயங்கிச் சாய்ந்துவிட்டார். நிழலுக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரத்துணியால் முகம், கழுத்தைத் துடைத்தோம். நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். கண் விழித்ததும் கேட்டால், காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையாம்! ஏன் என்று நமக்குத் தெரியாதா? கூட்டத்தில் ஒதுங்க இடம் தேடி அலைய வேண்டுமே என்கிற பயம். எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் தொண்டையைக் காயப்போடுகிறோம். போய் இறங்கியதும் கழிப்பறை எங்கே என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தாராளமாகக் குடியுங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஒரு பாட்டில் கொண்டுபோனால் போதும். (சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.) குடை, பருத்திப் புடவை, உட்கார ஒரு பழைய ஜமக்காளம், புழுதிக்கு மூக்கை மூட ஈரக் கைக்குட்டை. இவ்வளவுதான் மூட்டை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மாமியார் கால் வீங்கித்தான் இருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்த என் கணவரிடம், "அடுத்த வருஷம் நீயும் வாடா" என்றார் அவர். உங்கள் வீட்டிலும் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாமியாரோ அம்மாவோ இருப்பார். "உங்களால முடியாது" என்று நாமே முடிவு கட்டாமல், "போகலாமா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்