காலா அசார் நோயும் உடலின் தற்காப்பும்

பீகார் மாநிலக் கிராமங்களில் நெடுங்காலமாக அறியப்பட்ட காலா அசார், மணல் ஈயின் கடியால் பரவும் நோயாகும். இதற்குக் காரணமான லீஷ்மேனியா டோனோவனி என்னும் ஒட்டுண்ணி, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடிபுகுந்து பெருகுகிறது. காவலனின் அறையே கள்வனுக்கு உறைவிடமாகிறது எனலாம்.

அவ்வணுக்களைத் தூண்டிவிடும் டி அணுக்களின் செயல் இந்நோயில் தளர்கிறது. எதிர்ப்பொருள்களோ இரத்தத்தில் மிகுதியாகச் சேருகின்றன. ஆயினும் அணுவினுள் மறைந்துள்ள ஒட்டுண்ணியை அவை அழிப்பதில்லை. மண்ணீரல் வீங்கி, வெள்ளணுக்களும் குறைவதால், நிமோனியா, காசம் முதலியன நோயாளியை எளிதில் தாக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கின்றன.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, ஆர்கே39 சோதனை எதிர்ப்பொருளையே காட்டுகிறது. நோய் குணமான பின்னும் அது பல ஆண்டுகள் இரத்தத்தில் நிலைக்கலாம். ஆகவே, முன்பு சிகிச்சை பெற்றவருக்கு நோய் மீண்டதென அச்சோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. ஒட்டுண்ணியையே தேடிக் காண வேண்டும்.

இரண்டாவது, குணமானவரின் தோலில் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வெளிறிய திட்டுக்களும் முடிச்சுக்களும் தோன்றலாம். 1922-இல் உபேந்திரநாத் பிரம்மச்சாரி விவரித்த நிலை இதுவே. காய்ச்சலின்றி நடமாடும் இவரிடமிருந்தும் மணல் ஈ ஒட்டுண்ணியைப் பிறருக்குக் கொண்டு செல்லும். தொழுநோயெனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. நோயுள்ள வட்டாரங்களில், மாணவரிடம் இத்தகைய திட்டுக்களைக் காணும் ஆசிரியர் அவரை ஒதுக்கி வைக்காமல், சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் நலம்.