பத்து லட்சம் ரூபாய்ப் புகைப்படமும் அணியை இழந்த நகரமும்: டிக்கெட் விலையைக் குறைக்கும் வலிமை ரசிகர்களுக்கு எப்போது கிடைக்கிறது?

ஹைதராபாத்: அர்ஜென்டினா கால்பந்து வீரர் லயோனல் மெஸ்ஸி 2025 டிசம்பர் 13-ஆம் தேதி ஹைதராபாத் வந்தபோது, அவருடன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதற்கு ஏற்பாட்டாளர்கள் நிர்ணயித்த கட்டணம் 9.95 லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி வரி தனி. உப்பல் ராஜீவ் காந்தி சர்வதேச மைதானத்தின் சாதாரண இருக்கைகளுக்கே ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் செலவிட வேண்டியிருந்தது. அந்த வாரத்தில், உள்ளூர்க் கால்பந்து அணி ஒன்றின் ஆட்டத்தைச் சில நூறு ரூபாய்க்கு இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரில் காணும் வாய்ப்பு ஹைதராபாத்வாசிகளுக்கு இல்லை.

விளையாட்டு டிக்கெட்டுகளின் விலை உலகெங்கும் உயர்ந்து வருகிறது. இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் ரசிகர்கள் இதை எதிர்த்துப் போராடி, சில இடங்களில் விலையைக் குறைக்கவும் செய்திருக்கிறார்கள். இந்தியாவில் அத்தகைய வெற்றிகள் அரிதாக இருப்பது ஏன், ரசிகர்களுக்கு இங்கு உள்ள வழிகள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே நாள், இரு நகரங்கள்

மெஸ்ஸியின் இந்தியப் பயணம் டிசம்பர் 13-ஆம் தேதி கொல்கத்தாவில் தொடங்கியது. சால்ட் லேக் மைதானத்தில் நான்காயிரம் ரூபாய் முதல் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரையிலும், அதற்கு மேலும் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் காலையிலிருந்தே காத்திருந்தனர். மெஸ்ஸி மைதானத்தில் இருந்ததோ சுமார் 20 நிமிடங்கள் மட்டுமே. அரசியல் பிரமுகர்களும் அதிகாரிகளும் அழைப்பாளர்களும் அவரைச் சூழ்ந்து நின்றதால், பார்வையாளர் மாடங்களில் இருந்த பலரால் அவரைக் காணவே முடியவில்லை.

ஏமாற்றம் வன்முறையாக மாறியது. பாட்டில்களும் பெயர்த்தெடுக்கப்பட்ட நாற்காலிகளும் மைதானத்துக்குள் வீசப்பட்டன. முதல்வர் மம்தா பானர்ஜி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழுவை அமைத்தார். நிகழ்ச்சியின் முதன்மை ஏற்பாட்டாளர் கைது செய்யப்பட்டார். டிக்கெட் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர் தரப்பு ஒப்புக்கொண்டிருப்பதாகக் காவல் துறை தெரிவித்தது. அடுத்த சில நாள்களில் மாநில விளையாட்டுத் துறை அமைச்சர் அரூப் பிஸ்வாஸ் பதவி விலகினார்.

அன்று மாலை ஹைதராபாத் நிகழ்ச்சி அமைதியாக நடந்து முடிந்தது. முதல்வர் ரேவந்த் ரெட்டி மெஸ்ஸியுடன் பந்தை உதைத்து விளையாடினார். ராகுல் காந்தியும் பங்கேற்றார். மெஸ்ஸி மைதானத்தைச் சுற்றி வந்து ரசிகர்களை நோக்கிக் கையசைத்தார். கொல்கத்தா ரசிகர்களுக்குக் கிடைக்காத காட்சி ஹைதராபாத் ரசிகர்களுக்குக் கிடைத்தது.

எனினும் இரு நகரங்களுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. விலையை நிர்ணயித்தபோது எந்த ரசிகர் அமைப்பிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. அது ஒருமுறை மட்டும் நடைபெறும் காட்சி நிகழ்ச்சி என்பதால், விலை கட்டுப்படியாகாதவர் வராமல் இருந்தால் அதன் ஏற்பாட்டாளருக்கு அடுத்த வாரம் நேரும் இழப்பும் எதுவுமில்லை.

அணியை இழந்த நகரம்

ஹைதராபாத்துக்குக் கால்பந்து புதிதல்ல. ஹைதராபாத் நகரக் காவல் துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அந்த அணியை உருவாக்கிய சையத் அப்துல் ரஹீம் பயிற்சியளித்த இந்திய அணி, 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது.

பல பத்தாண்டுகள் கழித்து, 2019-இல் ஹைதராபாத் எஃப்சி அணி தொடங்கப்பட்டபோது அந்தப் பெருமை மீளும் என்ற நம்பிக்கை பிறந்தது. கச்சிபௌலி பாலயோகி மைதானம் அதன் சொந்தக் களமானது. 2022 மார்ச் 20-ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியைப் பெனால்டி முறையில் வீழ்த்தி ஐஎஸ்எல் கோப்பையையும் வென்றது. 'டெக்கான் லீஜியன்' என்ற ரசிகர் குழு மாடங்களில் உருவானது.

ஆனால் நிதி நெருக்கடியில் அணி தடுமாறியது. 2023-24 பருவத்தில் வீரர்களுக்கு ஊதியம் வழங்கப்படாத நிலை ஏற்பட்டு, பலர் வெளியேறினர். உரிமை கைமாறியது. 2025 அக்டோபரில் அணி தலைநகருக்கு இடம்பெயர்ந்து 'ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி' என்ற புதிய பெயரைப் பெற்றது. ஹைதராபாத் ரசிகர்களின் ஒப்புதல் இதற்குத் தேவைப்படவில்லை.

ஐஎஸ்எல் தொடரே அப்போது முடங்கிக் கிடந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் வணிகக் கூட்டாளி நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதி முடிவடைந்தது. மெஸ்ஸி வந்தது அதற்கு ஐந்து நாள்களுக்குப் பின்னர். 2026 பிப்ரவரி 14-இல் தொடர் தொடங்கும் என்ற அறிவிப்பு ஜனவரியில்தான் வெளியானது.

லிவர்பூல் ரசிகர்கள் வென்றது எப்படி?

ரசிகர் போராட்டத்தின் வலிமைக்கு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி நடந்த நிகழ்வு. லிவர்பூல் அணி, அடுத்த பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கான உச்ச டிக்கெட் விலையை 77 பவுண்டாக உயர்த்த முடிவு செய்திருந்தது. சண்டர்லாண்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து மைதானத்தைவிட்டு வெளியேறினர். அப்போது 2-0 என முன்னிலையில் இருந்த லிவர்பூல், இறுதியில் 2-2 எனச் சமநிலையில் ஆட்டத்தை முடித்தது. அடுத்த சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, விலை உயர்வைக் கைவிட்டனர்.

வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் ரசிகர்களுக்கு விலை வரம்பு வேண்டும் என்ற இயக்கமும் அதே ஆண்டில் பலன் தந்தது. பிரீமியர் லீக் அணிகள் 2016-17 பருவம் முதல் அத்தகைய டிக்கெட்டுகளுக்கு 30 பவுண்டு உச்ச வரம்பை ஏற்றன. ஜெர்மனியில் டார்ட்மண்ட் அணியின் ரசிகர்கள் 2016 பிப்ரவரியில் ஸ்டட்கார்ட் நகரில் நடந்த கோப்பை ஆட்டத்தின்போது டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி, அதிக விலைக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்நாட்டில் பெரும்பாலான அணிகளின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. ஆகவே அங்கு ரசிகர் என்பவர் வாடிக்கையாளர் மட்டுமல்லர், பங்குதாரரும் ஆவார்.

இந்த வெற்றிகளின் பின்னால் மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, ஆண்டு முழுவதும் அதே மைதானத்துக்கு வரும் நிலையான ரசிகர் கூட்டம். இரண்டாவது, அவர்கள் சார்பில் பேச்சு நடத்த அங்கீகரிக்கப்பட்ட சங்கம். மூன்றாவது, காலியான மாடம் தொலைக்காட்சித் திரையில் தெரிந்தால் தங்கள் வணிகம் பாதிக்கப்படும் என்ற உரிமையாளர்களின் அச்சம்.

உலகக் கோப்பையில் எழுந்த எதிர்ப்பு

மெஸ்ஸி இந்தியாவில் இருந்த அதே வாரத்தில் ஐரோப்பிய ரசிகர்கள் சர்வதேசக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவுக்கு எதிராகக் குரல் எழுப்பினர். 2026 உலகக் கோப்பைக்காகத் தேசியச் சங்கங்களின் வழியே ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட டிக்கெட்டுகளில், இறுதி ஆட்டத்துக்கான மிகக் குறைந்த விலையே 4,185 டாலர் என டிசம்பர் 11-ஆம் தேதி தெரியவந்தது. ஐரோப்பியக் கால்பந்து ஆதரவாளர்கள் அமைப்பு இதனை மாபெரும் துரோகம் எனக் கண்டித்து, விற்பனையை உடனே நிறுத்தக் கோரியது.

டிசம்பர் 16-ஆம் தேதி, தொடரின் 104 ஆட்டங்களுக்கும் 60 டாலர் விலையில் புதிய பிரிவு ஒன்றை ஃபிஃபா அறிவித்தது. ஆனால் தேசியச் சங்கங்களின் ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே இந்த விலைக்குக் கிடைக்கும் என்பதால், சலுகை போதாது என ரசிகர் அமைப்புகள் கூறின. ஒருங்கிணைந்த எதிர்ப்பு ஐந்து நாள்களில் ஓரளவேனும் பலன் தந்தது என்பதை மறுக்க இயலாது.

இந்தியாவில் நிலை என்ன?

கேரளத்தின் 'மஞ்ஞப்பட', சென்னையின் 'சூப்பர் மச்சான்ஸ்', பெங்களூரின் 'வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்' போன்ற ரசிகர் குழுக்கள் இந்தியாவிலும் உள்ளன. 2024-25 பருவத்தில் அணியின் மோசமான ஆட்டத்தையும் நிர்வாகத்தின் போக்கையும் கண்டித்து, டிக்கெட் விற்பனையில் இனிப் பங்கேற்பதில்லை என்று மஞ்ஞப்பட அறிவித்தது. 2024 மார்ச்சில் கொல்கத்தா டெர்பி ஆட்டத்தின்போது, தம் ரசிகர்களுக்கான மாடங்களில் கூடுதல் விலை வைக்கப்பட்டிருப்பதாக மோகன் பகான் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. அணி, மாடம், அமைப்பு ஆகிய மூன்றும் உள்ள நகரங்களிலிருந்தே இத்தகைய குரல்கள் எழுந்தன என்பது கவனிக்கத்தக்கது.

ஹைதராபாத்தில் டிக்கெட் தொடர்பான கோபம் பெரும்பாலும் வரிசைகளில்தான் வெளிப்பட்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 22-ஆம் தேதி, இந்தியா - ஆஸ்திரேலியா டி20 கிரிக்கெட் ஆட்டத்துக்கான டிக்கெட் விற்பனையின்போது செகந்திராபாத் ஜிம்கானா மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் காயமடைந்தனர். காவல் துறை தடியடி நடத்தியது. 2025-இல் இலவச அனுமதிச் சீட்டுகள் தொடர்பாக சன்ரைசர்ஸ் அணிக்கும் ஹைதராபாத் கிரிக்கெட் சங்கத்துக்கும் மோதல் வெடித்தது. வழக்கமான ஒதுக்கீடே 3,900 இலவச டிக்கெட்டுகள். மைதானத்தின் கொள்ளளவில் இது ஏறத்தாழ பத்து விழுக்காடு. அவ்வளவு இருக்கைகள் பொது விற்பனைக்கு வராதபோது, எஞ்சியவற்றுக்கான போட்டி கூடுகிறது. இந்த மோதலிலும் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கும் ரசிகரின் தரப்பைப் பேச எவரும் இருக்கவில்லை.

விலையில் வரியின் பங்கு

டிக்கெட் விலையில் அரசின் பங்கும் அடங்கியுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளுக்கு 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடு வரி உண்டு. ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு முதல் வகையில் 1,180 ரூபாயும், இரண்டாவது வகையில் 1,400 ரூபாயும் ரசிகர் செலுத்த வேண்டும். இணையவழி முன்பதிவுத் தளங்களின் சேவைக் கட்டணம் இதற்குமேல் தனி.

ரசிகர்களுக்கு உள்ள வழிகள்

தனியார் நிகழ்ச்சியின் விலை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நுகர்வோர் சட்டத்தின் கீழ் நிவாரணம் பெறுவது கடினம். உறுதியளித்த சேவை கிடைக்காதபோது சட்டம் துணை நிற்கிறது. நிகழ்ச்சி சுருக்கப்பட்டாலோ, ஒதுக்கிய இருக்கை மறுக்கப்பட்டாலோ, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு எனப் புகார் அளிக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்குக்கு முந்தைய தீர்வுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தொடர்பு கொள்ளலாம்.

முதலில் குறைந்த விலையைக் காட்டி, இறுதிக் கட்டத்தில் கூடுதல் கட்டணங்களைச் சேர்ப்பதும், டிக்கெட் தீரப்போவதாகப் பொய்யான அவசரத்தை உருவாக்குவதும் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் அடங்கும். முன்பதிவின் ஒவ்வொரு கட்டத்தையும் திரைப்பிடிப்பாகச் சேமித்து வைப்பது புகாருக்கு வலுச் சேர்க்கும்.

இவை தனிநபர் பெறக்கூடிய நிவாரணங்கள். விலை நிர்ணயத்தின் போதே ரசிகர் தரப்புக்கு இடம் வேண்டுமெனில், வாரந்தோறும் மாடத்தை நிரப்பும் கூட்டமும், அதை நம்பியிருக்கும் அணியும் தேவை. ஐ-லீக் தொடரில் விளையாடிய ஸ்ரீநிதி டெக்கான் ஹைதராபாத்தில் தொடர்ந்து இயங்குகிறது. ரஹீமின் நகரத்தில் அத்தகைய ரசிகர் கூட்டம் மீண்டும் திரள்வதற்கு இப்போதுள்ள களம் அதுவே.