புள்ளிவிவரமும் அடிக்குறிப்பும்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் 74.04 சதவீதம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை கூறுகிறது, 72.99 சதவீதம் என்கிறது மற்றொன்று. இரண்டுமே கணக்கெடுப்பு அலுவலகம் வெளியிட்டவைதாம். முன்னது 2011 மார்ச் இறுதியில் வெளியான தற்காலிகக் கணக்கு. பின்னது 2013-இல் வந்த இறுதிக் கணக்கு. 2001-ஆம் ஆண்டின் இறுதிக் கணக்கு ஏறத்தாழ 64.8. அதனுடன் தற்காலிகக் கணக்கை ஒப்பிடுபவருக்குப் பத்தாண்டு முன்னேற்றம் 9 புள்ளிகளுக்கு மேல். இறுதிக் கணக்கை ஒப்பிடுபவருக்கோ 8-ஐச் சற்றே தாண்டும். ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2011’ என்ற அடிக்குறிப்பு இருவருக்கும் பொருந்தும் என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

வறுமை பற்றிய ஆய்வுகளில் இக்குறையின் விளைவு மேலும் கடுமையானது. 2004-05-ஆம் ஆண்டில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தோர் லக்டவாலா குழுவின் முறைப்படி 27.5 சதவீதம், 2009-இல் அறிக்கை தந்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி அதே ஆண்டுக்கு 37.2 சதவீதம். 2011-12-க்கு டெண்டுல்கர் முறை 21.9 என்றும், 2014-இல் வந்த ரங்கராஜன் குழுவின் அறிக்கை 29.5 என்றும் கணக்கிட்டன. 27.5-ஐயும் 29.5-ஐயும் அருகருகே வைப்பவர் நாட்டில் வறுமை பெருகிற்று என்று எழுதுவார். 37.2-ஐயும் 21.9-ஐயும் வைப்பவர் அது 15 புள்ளிகளுக்கு மேல் குறைந்தது என்பார். நான்கு எண்களும் மெய்யான ஆவணங்களில் உள்ளவை. ஆயினும் முதல் ஒப்பீடு செல்லாது. இரு வேறு அளவுகோல்களால் அளந்ததை ஒரே அளவாகக் கொண்டதே பிழை. குழுவின் பெயரும் அறிக்கையின் ஆண்டும் அடிக்குறிப்பில் இருந்திருப்பின், படிப்பவர் உடனே கண்டுகொள்வார்.

அலுவலகக் கோப்புகளில் ஒரு விந்தையைக் காணலாம். ஒரு கடிதத்தைச் சுட்டும்போது அதன் எண்ணையும் நாளையும் தவறாது எழுதும் அலுவலர், கோடிக்கணக்கான ரூபாய் ஒதுக்கீட்டுக்கு ஆதாரமான புள்ளிவிவரத்தை ‘அரசு அறிக்கையின்படி’ என்ற இரு சொற்களோடு விட்டுவிடுகிறார்! எந்த அறிக்கை, எந்தத் தொகுதி, எந்த அட்டவணை, தற்காலிகமா இறுதியா என்பவை இல்லாத எண்ணை அடுத்த அலுவலர் சரிபார்க்க இயலாது. இணையதளத்திலிருந்து எடுத்ததாயின், எடுத்த நாளும் வேண்டும். அங்குள்ள அட்டவணை பின்னர் திருத்தப்படலாம்.

மாணவர்களிடையே காணப்படும் வழக்கம் வேறு. பாடநூலில் கண்ட எண்ணை எடுத்துக்கொண்டு, அந்நூல் சுட்டும் மூல அறிக்கையைத் தாமே பார்த்ததுபோல் எழுதிவிடுகின்றனர். பாடநூலில் அச்சுப்பிழை இருந்தால் அதுவும் மூல அறிக்கையின் பெயரால் பரவும். மூலத்தைப் பார்க்க இயலாதபோது, ‘இன்ன நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று நேர்மையாகக் குறிப்பிடுவதில் இழுக்கு ஏதுமில்லை. ‘மேற்படி’ என்று எழுதுவதிலும் எச்சரிக்கை தேவை. இடையில் புதிய அடிக்குறிப்பு ஒன்று சேர்ந்தால் அச்சொல் வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும்.

ஆய்வாளர் தாமே விகிதம் கணக்கிட்டிருந்தால், அட்டவணையின் கீழ் மூல அறிக்கையின் பெயரை மட்டும் இடுவது போதாது. எவ்வெண்களை எதனால் வகுத்தார் என்பதையும் அங்கேயே குறிப்பிட வேண்டும். அவ்வறிக்கையில் அந்த விகிதம் இராது.