உங்களுக்குத் தெரியுமா? குழந்தையும் நாய் அலர்ஜியும்

● குழந்தை அடுக்கடுக்காகத் தும்மினால், இளைப்பு வந்தால், "நாய் முடி உள்ளே போயிருக்கும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். உண்மையில் முடிமேல் குற்றம் இல்லை. நாயின் எச்சில், சிறுநீர், தோலிலிருந்து பொடுகுபோல் உதிரும் செதில் ஆகியவற்றில் உள்ள சில புரதங்கள்தான் அலர்ஜியைக் கிளப்புகின்றன. நாய் தன் உடம்பை நக்க, எச்சில் முடியில் ஒட்டிக் காய்கிறது. பிறகு தூளாகிக் காற்றில் மிதக்கிறது. ஆகவே, புசுபுசு பொமரேனியனை விட்டுவிட்டுக் குட்டை முடி சிப்பிப்பாறையை வாங்கினால் தப்பிக்கலாம் என்று நம்ப வேண்டாம். அதற்கும் எச்சில் உண்டு, தோல் உண்டு.

● அரிக்கும் மூக்கை உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தேய்த்துத் தேய்த்து, சில குழந்தைகளுக்கு மூக்கின் குறுக்கே மெல்லிய கோடே விழுந்துவிடும். இந்தத் தேய்ப்புக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அலர்ஜிக் சல்யூட்'. நாய் நக்கிய இடத்தில் தடிப்பு எழும்புவதும், கண் சிவந்து நீர் வடிவதும் கவனிக்க வேண்டிய மற்ற அறிகுறிகள்.

● நாய் அலர்ஜிப் புரதங்களில் 'கேன் எஃப் 5' என்று ஒன்று. ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் மட்டுமே உருவாவது. இந்த ஒன்றுக்கு மட்டும் அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெண் நாய் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு!

● லாப்ரடூடில் பிறந்த கதை தெரியுமா? ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. கணவருக்கோ நாய் அலர்ஜி. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்க்கும் பணியில் இருந்த வாலி கான்ரன், 1980களின் இறுதியில் லாப்ரடாரையும் பூடிலையும் இணைசேர்த்தார். பிறந்தவை 3 குட்டிகள். அவற்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். அதன் பெயர் சுல்தான். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு! இதை மறந்துவிட்டு, இனத்தின் பெயரைச் சொல்லியே "அலர்ஜி தராத நாய்" என்று விற்பது பெற்றோரின் ஆசையோடு விளையாடும் வியாபாரம். 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அப்படிச் சொல்லப்படும் இனங்களின் முடியில் முக்கிய அலர்ஜிப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது.

● ஸ்வீடனில் 2001 முதல் ஒவ்வொரு நாயையும் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவேட்டையும் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளையும் ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்தார்கள். பிறந்த முதல் ஆண்டில் வீட்டில் நாய் இருந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் அபாயம் சுமார் 13 சதவீதம் குறைவாக இருந்தது (2015). அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 474 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த 2002ஆம் ஆண்டு ஆய்வும் ஏறக்குறைய இதே பக்கம்தான் சாய்ந்தது: கைக்குழந்தைப் பருவத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாய், பூனைகளோடு வளர்ந்தவர்களிடம் அலர்ஜி நாட்டம் குறைவு. ஆனால் பெற்றோரே, ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளைக்கு மருந்தாக நினைத்து நாய்க்குட்டி வாங்கிவிடாதீர்கள். அந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

● முன்கையிலோ முதுகிலோ லேசாகக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனையில், 15 முதல் 20 நிமிடத்தில் விடை தெரியும். சளி, அரிப்புக்குத் தரும் சில மாத்திரைகளைப் பல நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடிப்பு வந்தாலும், நாயோடு பழகும்போது குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் அது அலர்ஜி நோய் ஆகாது.

● நாயைக் குளிப்பாட்டினால் அலர்ஜிப் புரதம் குறையும். ஆனால் அந்தப் பலன் நிலைக்க வாரம் இரு முறை குளிப்பாட்ட வேண்டும்.

● நாயே இல்லாத வகுப்பறைகளிலும் நாயின் அலர்ஜிப் புரதம் கிடைத்திருக்கிறது. கொண்டு வந்தவை பிள்ளைகளின் உடைகள்!

● நாயை வேறு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் மெத்தை, சோபா, திரைச்சீலைகளில் அந்தப் புரதம் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். "நாயை அனுப்பியும் தும்மல் நிற்கவில்லை, அப்படியானால் நாய் காரணமில்லை" என்று ஒரே வாரத்தில் முடிவுகட்டக் கூடாது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், தெரிந்தவர் வீட்டில் சேருங்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்ததைத் தெருவில் விடாதீர்கள்.